உல்லன் அரிக்கும்

ராபர்ட்சன்பேட்டைக் கடைவீதியில் விநாயக் ஸ்வெட்டர் கடை வைத்திருந்தார். மார்கழி பிறந்தால் மூச்சுவிட நேரமிருக்காது. அந்த மார்கழியில்தான் அவருடைய ஐந்து வயது மகள் ஸ்வாதிக்கு முழங்கை மடிப்பில் சிவந்து அரிக்கும் கரப்பான் படை பொங்கியது.

பங்காருபேட்டையில் தோல் டாக்டர் லூயிசா குழந்தையின் கையைப் பார்த்தார். பிறகு அவள் போட்டிருந்த சிவப்பு ஸ்வெட்டரைப் பார்த்தார்.

“நம்ம கடைச் சரக்குங்க. அசல் உல்லன்,” என்றார் விநாயக் பெருமையாக.

“முதல்ல கழட்டுங்க. இவளுக்கு உல்லன் அரிக்கும். காட்டன்தான் போடணும். வெதுவெதுப்பான தண்ணியில குளிப்பாட்டி, ஈரம் காயறதுக்குள்ள இந்தக் களிம்பைத் தாராளமா தடவுங்க. வாசனை சோப்பு வேணாம். நகத்தை ஒட்ட வெட்டுங்க.”

ஸ்வாதிக்கு அதில் அன்றைக்கு ஒரே ஒரு வரிதான் மனப்பாடமானது.

மறுநாள் பள்ளி விட்டதும் வழக்கம்போலக் கடைக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். ஒரு பெண்மணி குழந்தை ஸ்வெட்டரை விரித்துப் பார்த்தார்.

“ஆன்ட்டி, உல்லன் அரிக்கும். டாக்டரம்மா சொன்னாங்க.”

“எல்லாருக்கும் இல்லீங்க, இவளுக்கு மட்டும்...” என்று விநாயக் சமாளிப்பதற்குள், ஸ்வாதி சாட்சிக்குச் சட்டைக் கையைச் சுருட்டிக் காட்டிவிட்டாள். பெண்மணி போயே போய்விட்டார். மூன்று நாளில் ஏழு பேர் அப்படிப் போனார்கள். விநாயக் மிட்டாய் கொடுத்துப் பார்த்தார். மிட்டாயை ஒரு கன்னத்தில் அடக்கிக்கொண்டு அதையே சொன்னாள்.

நான்காம் நாள் பூதிகோட்டை பார்வதம்மா, இடுப்பில் இரண்டு வயது மகனோடு சண்டைக்கே வந்தார்.

“இன்னாங்க சரக்கு விக்கிறீங்க? உங்க ஸ்வெட்டரைப் போட்டதிலேர்ந்து புள்ள சொறிஞ்சு சொறிஞ்சு ரத்தமாக்கிக்கிறான். சுண்ணாம்புகூட பூசிட்டேன்!”

‘சரக்கு நல்ல சரக்கு’ என்ற பதில் விநாயக்கின் நாக்கு நுனியில் இருந்தது. பையனின் முழங்கை மடிப்பைப் பார்த்தார். அதே சிவப்பு, அதே கீறல்.

“ஐயோ, சுண்ணாம்பு வேணாம்மா!” என்று ஸ்டூலை இழுத்துப்போட்டு அவரை உட்காரவைத்தார். குளியல், களிம்பு, நகம் எல்லாம் ஒப்பித்தார்.

“நைனா, ஈரம் காயறதுக்குள்ள!” என்று பெஞ்சிலிருந்து மகளின் திருத்தம் வந்தது.

“ஆமாம்மா, காயறதுக்குள்ள. ஆனா எந்தக் களிம்புன்னு டாக்டர்தான் பாத்து சொல்லணும்,” என்று லூயிசாவின் விலாசத்தை எழுதிக் கொடுத்தார். ஸ்வெட்டருக்குப் பதிலாக இரண்டு காட்டன் முழுக்கை பனியனும் கொடுத்தார்.

பார்வதம்மா அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார். “ஸ்வெட்டர் கடைக்காரரே உல்லன் வேணாங்கிறீங்களா?”

“என் பொண்ணு வாயை மூட முடியலம்மா. நானும் அவ பக்கம் சேந்துட்டேன்.”

தை பிறப்பதற்குள் ஸ்வாதியின் கை ஆறியது. கரப்பான் விட்டு விட்டு வரும் என்று டாக்டர் சொல்லியிருந்ததால், விநாயக் களிம்பை நிறுத்தவில்லை. கடையில் ஸ்வெட்டருக்குப் பக்கத்திலேயே காட்டன் பனியனும் அடுக்கினார். “உள்ளே இது, மேலே அது,” என்று குழந்தைக்கு வாங்க வருபவர்களிடம் சொல்லிவிட்டுப் பெஞ்சைப் பார்ப்பார். ஸ்வாதி தலையாட்டினால்தான் பில் போடுவார்.