பெயர் போடாத விளம்பரம்

"உம்மு லைத், அந்த வேலை விளம்பரம் நீங்க கொடுத்ததுதானே? எனக்குன்னே அளவெடுத்துத் தச்ச சட்டை மாதிரி இருக்கு!"

போனில் நிதாலின் குரல் துள்ளியது. லைத்தின் அம்மா என்பதால் எல்லாரும் உம்மு லைத் என்றே கூப்பிடும் ஸுஹா, தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தாள். இருக்காதா பின்னே? அது அவன் இப்போது பார்க்கிற வேலையேதான். அவனுடைய பிஸ்கட் கம்பெனி முதலாளி போன வாரம் அவளைக் கூப்பிட்டு, கிடங்கு மேலாளர் இடத்துக்கு வேறு ஆள் வேண்டும், இருக்கிறவனிடம் மூச்சு விடக் கூடாது என்று சொல்லியிருந்தார். அதனால்தான் கம்பெனி பெயர் போடாமல் விளம்பரம் கொடுத்தாள். இவனே வந்து விழுவான் என்று கனவா கண்டாள்?

நான்கு வருஷம் முன்பு அவனை அங்கே சேர்த்துவிட்டவளும் அவள்தான். முதல் சம்பளம் வாங்கியதும் ஒரு தட்டு குனாஃபா இனிப்போடு வந்து நின்று, வாய் கொள்ளாமல் சிரித்தான். ஜோர்டானின் அம்மான் நகரில் கம்பெனிகளுக்கு ஆள் தேடிக் கொடுக்கும் இந்தப் பிழைப்பில் அவளைக் கட்டிப்போட்டிருப்பதே அந்த மாதிரி நாட்கள்தான். இப்போது உண்மையைச் சொன்னால் எந்த முதலாளியும் அவளை நம்ப மாட்டான். சொல்லாவிட்டால் இவன் கதி? என்ன பாழாய்ப்போன தொழிலோ என்று மனசுக்குள் திட்டிக்கொண்டாள்.

"உனக்கு எதுக்குப்பா இது? நல்லாத்தானே இருக்கே?"

"இருக்கேன். ஆனா ரஷா மாசமா இருக்கா, வீடு வாங்கறோம். நாளைக்கு வங்கிக் கடனுக்குக் கையெழுத்து. சம்பளம் கொஞ்சம் கூட வந்தா கசக்குதா?"

"நாளைக்குக் கையெழுத்துப் போடாதே."

வாய் முந்திக்கொண்டது.

"ஏன்?"

அவன் விளம்பரத்தை மறுபடி முணுமுணுவென்று படிப்பது கேட்டது. உணவுப்பொருள் கிடங்கு. ஸர்கா சாலை. இரவு ஷிஃப்டும் கவனிக்க வேண்டும். அந்த இடத்தில் குரல் நின்றுபோனது.

"இன்னிக்குக் காலையில முதலாளி தன் கையாலயே எனக்குக் காப்பி ஊத்திக் கொடுத்தாரு, உம்மு லைத்" என்றான் மெதுவாக.

"நிதால்..." என்றாள்.

அவனுக்குப் பின்னால் யாரோ கத்தினார்கள்: "அண்ணே, சர்க்கரை லாரி வந்திருச்சு! எந்தக் கதவுல விடட்டும்?"

"மூணாவதுல விடு. தரை ஈரமா இருக்கு, முதல்ல பலகை போடச் சொல்லு" என்று அவன் குரல் கொடுத்தான். போனை வைக்கவில்லை. லாரி பின்பக்கமாக வரும் சத்தத்தையும், "இன்னும் வா, இன்னும் வா" என்று அவன் சொல்வதையும் ஸுஹா கேட்டுக்கொண்டே இருந்தாள்.