முந்திக்கொண்ட சிரிப்பு

ரொட்டித் தொழிற்சாலையில் ஒரு ரொட்டி கருகினால் போதும், சூப்பர்வைசர் அதை எடுத்துவந்து அடுப்புக்காரர் மேசையில் வைப்பான். "இந்தா, உன் சொந்தக்காரன் வந்திருக்கான், நலம் விசாரி!" அவருடைய கறுப்பு நிறத்தைப் பார்த்து அறையே கொல்லென்று சிரிக்கும். அடுப்புக்காரரும் ஈயென்று பல்லைக் காட்டுவார். பிழைக்க வந்த அந்நிய நாட்டில் வாயைத் திறந்தால் வம்பு, பல்லைக் காட்டினால் பிழைப்பு. வேறென்ன செய்வது, சொல்லுங்கள்! போகப் போக, அவன் ஆரம்பிக்கும்போதே இவர் சிரித்துவிடுவார். முந்திச் சிரித்தால் பேச்சு சீக்கிரம் முடியும் என்று கண்டுவைத்திருந்தார்.

மகளுக்கு அங்கேயே முன்கடையில் சனி, ஞாயிறு வேலை கேட்டு வைத்திருந்ததும் இவர்தான். இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து நின்றாள். கேட்டதற்கெல்லாம் பளிச்சென்று பதில் சொன்னாள். இவருக்குப் பெருமை பிடிபடவில்லை.

"அடேங்கப்பா, எங்க பாஷையை இவ்வளவு நல்லாப் பேசுறியே! யாரு சொல்லிக்கொடுத்தா?" என்றான் சூப்பர்வைசர்.

"நான் இங்கதான் சார் பொறந்தேன்."

"பொறந்தது இங்கதான், சரி. ஆனா அடுப்புல கொஞ்சம் கூடுதலா..."

அவன் முடிக்கவில்லை. அதற்குள் ஒரு சிரிப்பு கேட்டது. பாவி மனுஷன், சிரித்தது அப்பன்தான்!

பிறகுதான் மற்றவர்கள் சிரித்தார்கள். மகள் அவர்கள் யாரையும் பார்க்கவில்லை. அப்பாவையே ஒரு நிமிடம் பார்த்துவிட்டு வெளியே போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் வராததுமாக அவர் ஆரம்பித்தார். "அவன் மனசுல ஒண்ணும் இல்லம்மா. சும்மா விளையாட்டுக்குச் சொல்றது. நாமதான் ஊரோட ஒத்துப்போகணும்."

"அவனை விடுங்கப்பா. இந்தப் பேச்சை பஸ்லயும் கேட்கிறேன், காலேஜ்லயும் கேட்கிறேன். ஆனா அவன் சொல்லி முடிக்கவே இல்ல. அதுக்குள்ள நீங்க சிரிச்சிட்டீங்க."

 

"பயம்மா," என்றார். "சிரிக்கலேன்னா என்ன ஆகுமோன்னு பயம்."

"எனக்கும்தான் பயமா இருந்துச்சு. அதான் உங்களைப் பார்த்தேன்."

அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பிறகு சூப்பர்வைசரைக் கூப்பிட போனை எடுத்தார். மகள் வேண்டாமென்று தலையாட்டினாள், அப்பாவின் வேலை போய்விடுமே என்று அவளுக்குக் கவலை. அவர் கேட்கவில்லை.

"சார், என் பொண்ணு வேலைக்கு வரமாட்டா. அவளைச் சொன்னது தப்பு. இனி என்னையும் அப்படிச் சொல்லாதீங்க."

"அட, என்னப்பா நீ! ஒரு விளையாட்டுக்குச் சொன்னா..." என்று இழுத்து நிறுத்தினான் சூப்பர்வைசர். இவர் சிரிப்பதற்காகத்தான் நிறுத்தினான்.

இவர் வாயும் தானாக விரிந்தது. சீ, எப்பேர்ப்பட்ட பழக்கம்! உள்ளங்கையால் வாயை இறுகப் பொத்திக்கொண்டார். கண்ணில் நீர் முட்டியது. மகள் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"ஹலோ? இருக்கியா, இல்லையா?"

கையை எடுத்தார்.

"இருக்கேன் சார். நான் சொன்னதுக்கு நீங்கதான் இன்னும் பதில் சொல்லல."