ரூம் போயிடுச்சு

கிரில் கதவு தடதடவென்று ஆடியது. வெளியே வீட்டின் சொந்தக்காரி மேடம் லிம், கையில் ஒரு பை ஆரஞ்சுப் பழத்தோடு நின்றார். சொல்லாமல் கொள்ளாமல் அவர் வருவது இதுதான் முதல் தடவை. உள்ளே சோபா நுனியில், வாடகைக்கு ரூம் பார்க்க வந்த புனிதா தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். 

ஐந்து நிமிஷத்துக்கு முன்னால்தான் அவளிடம், ரூம் வேறு ஆளுக்குப் போய்விட்டது என்று சொல்லியிருந்தேன்.

கிள்ளானில் பதினோரு வருஷமாக நான் வாடகை ஏஜென்ட். ரூம் கேட்டு வாட்ஸ்அப்பில் வருகிறவர்களிடம் எங்கே வேலை, எத்தனை பேர், என்ன இனம் என்று முதலிலேயே கேட்டுவிடுவது எங்கள் தொழிலில் வழக்கம். இந்தியர் என்று பதில் வந்தால், கைகூப்பும் பொம்மை ஒன்றைப் போட்டு, இப்போதுதான் போனது டியர் என்று அனுப்பிவிடுவேன். என் அப்பாவை இதே ஊரில் ஒருவர் கேட்டிலேயே நிறுத்தி, உங்கள் ஆட்களுக்கு வீடு கிடையாது என்று முகத்துக்கு நேராகச் சொன்னாராம். சாகும்வரை அப்பா அதைச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் யார் முகத்தையும் பார்த்துச் சொன்னதில்லை.

புனிதா சரளமான மலாயில் எழுதியிருந்தாள். நானும் ஏதோ அவசரத்தில் மூன்றாவது கேள்வியை விட்டுவிட்டேன். கதவைத் திறந்த பிறகுதான் நெற்றியில் திருநீறு தெரிந்தது. ஆஸ்பத்திரியில் தாதி வேலை கிடைத்திருக்கிறதாம். திங்கட்கிழமை காலை ஆறரைக்கு ஷிஃப்ட். அவள் வீடு இருக்கும் டெங்கிலிலிருந்து அந்த நேரத்துக்கு பஸ் இல்லை. அவள் பார்க்க வந்த ஒன்பதாவது ரூம் இது.

ரூம் போய்விட்டது என்றதும் அவள் முகம் வாடியது. ஆனால் கோபப்படவில்லை.

"விளம்பரத்துல இந்தியர் வேணாம்னுதான் போட்டிருந்துச்சு. ஏஜென்ட் பேரு உஷாராணின்னு பார்த்ததும் தைரியமா வந்துட்டேன்க்கா. மத்தவங்க கதை விடுவாங்க. நீங்க போயிடுச்சுன்னா நெசமாவே போயிடுச்சுலா," என்றாள்.

அதற்குப் பிறகுதான் தண்ணீர் கேட்டாள். அதற்குப் பிறகுதான் கிரில் ஆடியது.

மேடம் லிம் உள்ளே வந்ததும் புனிதாவைப் பார்த்து மலர்ந்தார். புது வாடகைக்காரியா என்று மலாயில் கேட்டார். மூன்று வாரமாக ரூம் சும்மா கிடக்கிறதே, யாராக இருந்தாலும் சரி, இப்போதாவது ஆள் வந்ததே என்றார்.  புனிதா கிளாஸை மெதுவாக மேசையில் வைத்தாள்.

"யாருக்குக்கா போச்சு?"

வீட்டுக்காரிக்குப் பிடிக்காது, என் பிழைப்பு இது, நான் என்ன செய்ய என்று தமிழில் முணுமுணுத்தேன். என் குரல் எனக்கே கேட்கச் சகிக்கவில்லை. அவள் காலணியை மாட்டினாள். மேடம் லிம், ஏன் கிளம்புகிறாய், ரூமைப் பார்க்கவில்லையா என்று கேட்டார். இந்த வீட்டில் இந்தியரை வைப்பதில்லை என்று தெரிந்தும் வந்தது என் தப்பு, மன்னித்துவிடுங்கள் என்று புனிதா நல்ல மலாயில், மரியாதையாகச் சொன்னாள். லிஃப்ட் வந்தது. போய்விட்டாள்.

பின்னாலேயே ஓடிக் கூப்பிட்டிருக்கலாம். நான் ஓடவில்லை. யார் தலையிலாவது இதை இறக்கிவைத்தால் போதும் என்றிருந்தது எனக்கு. மேடம் லிம்மிடம் திரும்பி, உங்களுக்காகத்தானே விளம்பரத்தில் அந்த வரியைப் போட்டேன், இப்போது ஒன்றும் தெரியாதவர் மாதிரி அந்தப் பிள்ளையிடம் கேட்கிறீர்களே என்றேன்.

அவர் பழப் பையைக் கீழே வைத்தார். புனிதா உட்கார்ந்திருந்த இடத்திலேயே உட்கார்ந்து, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:

"நான் உன்கிட்ட அப்படிச் சொன்னதே இல்ல உஷா. சொல்லணும்னு நினைச்சேன், நீயும் இந்தியர்ங்கிறதால வெட்கமா இருந்துச்சு. ஆனா நான் வாயைத் திறக்கிறதுக்குள்ள நீயே போட்டுட்ட, எனக்கும் வசதியாப் போச்சு."