பெரிய வெள்ளிக் கண்ணீர்

பஸ்ரியன் பசாம் வாசித்தால் பேசாலையில் ஒருவரும் அழமாட்டார்கள், கொட்டாவிதான் விடுவார்கள். யேசுநாதரின் பாடுகளைச் சொல்லும் அந்தப் பசாமால் ஊரை உருக்க வேண்டிய நாளில், அவன் மீன் ஏலம் கூறுவதுபோல் வாசிக்கிறான் என்பது ஊர்ப்பேச்சு. "இந்த முறையும் கோயில் காய்ஞ்சு கிடந்தா, அடுத்த முறை வேற ஆள்தான்," என்று கோயில் மூப்பர் எமிலியானுஸ் கறாராகச் சொல்லிவிட்டார். பாவம், பஸ்ரியனுக்கோ அந்த வாசிப்பென்றால் உயிர்.

யப்பான்காரன் கொழும்பில் குண்டு போட்டு ஒரு வருடம் ஆகியிருந்தது. பஸ்ரியனின் சிநேகிதன் கிறகரி மன்னாரில் பயிற்சி எடுத்து, ஊரின் குண்டுவீச்சுக் காவலனாக இரும்புத் தொப்பியும் விசிலுமாகத் திரிந்தான். அங்கே கூடாரத்துக்குள் கண்ணீர்ப்புகை விட்டுப் பழக்கினார்களாம். "முதல்ல பூ வாசம் வரும், பிறகு கண் எரியும். காத்து வாற பக்கமாப் போகோணும், கண்ணைக் கசக்கக் கூடாது," என்று அவன் சொல்லாத ஆளில்லை. சிநேகித பாவத்துக்குக் காதுகொடுத்தவன் பஸ்ரியன் ஒருவன்தான்.

பெரிய வெள்ளி பின்னேரம் கோயில் நிறைந்திருந்தது. சுவாமியார் அடுத்த ஊருக்குப் போயிருந்தார். கோயில் வேலை பார்க்கும் லோறன்ஸ், கரையொதுங்கிய தகர டின் ஒன்றைச் சுவரோரம் வைத்து, அதன்மேல் மெழுகுதிரி ஏற்றியிருந்தார். வாசிப்புத் தொடங்கியதுமே மூப்பரின் மகள் மாக்கிறட், சிணுங்கிய குழந்தையைத் தூக்கிக்கொண்டு கடல் பக்கக் கதவால் வெளியே பூவரச மரத்தடிக்குப் போய்விட்டாள். பஸ்ரியனுக்கு மனம் சுருங்கியது.

ஆனாலும் வாசித்தான். மாதா மகனைத் தேடிப் போகும் இடம் வந்தபோது, சுவரோரம் டின்னுக்குப் பக்கத்தில் இருந்த அன்ரோனெற் மூக்கை உறிஞ்சினாள். பிறகு அவளுக்குப் பின்னால் இருந்தவர்கள். பிறகு, சத்தியமாக, மூப்பர்!

"பூ வாசம் வருது! மாதா வந்திட்டா!" என்று கைகூப்பினாள் அன்ரோனெற்.

பஸ்ரியனுக்குத் தலைகால் புரியாத சந்தோசம். குரலை உயர்த்தினான். அப்போதுதான் அவன் கண்ணும் எரிந்தது. மெழுகுதிரி உருகித் தீர்ந்து, அதன் சூடு டின்னில் ஏறியிருந்தது. டின்னிலிருந்து மெல்லிய புகை சீறியது.

வாசலில் கிறகரி விசிலை வாய்க்குக் கொண்டுபோவது தெரிந்தது. விசில் கேட்டால் விமானம் என்று சனம் ஒன்றின்மேல் ஒன்றாக விழும். நிலத்தில் குழந்தைகள் படுத்திருக்கின்றன. பஸ்ரியன் வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு, அதே ராகத்தில் தொடர்ந்தான்:

"மாதா இப்ப கடற்கரைக்குப் போறா. பிள்ளையளைத் தூக்குங்கோ. கண்ணீரைத் துடைக்காதேங்கோ, அது காணிக்கை. கடல் பக்கக் கதவால மெல்ல மெல்ல வாங்கோ."

மாதா எப்போது கடற்கரைக்குப் போனார் என்று ஒருவரும் கேட்கவில்லை. அழுதபடியே வரிசையாகக் காற்றுக்குள் போனார்கள். கிறகரி மூக்கைக் கட்டிக்கொண்டு, ஈரச் சாக்கால் டின்னை மூடித் தூக்கிப்போய் மணலுக்குள் புதைத்தான். பிறகு கிணற்றடியில் எல்லோருடைய கண்ணையும் கழுவி, உடுப்பைக் காற்றில் உதறச் சொன்னான். அன்றுதான் ஊர் அவன் சொல்லைக் கேட்டது.

கரையொதுங்கியது பட்டாளத்தின் கண்ணீர்ப்புகை டின் என்ற சங்கதி வெளிப்பட்டதும் சிரிப்பு அடங்கவில்லை. "அப்ப நாங்கள் புகைக்குத்தானே அழுதனாங்கள்!" என்றார் மூப்பர். பஸ்ரியனும் சிரித்தான். ஆனால் அவனுக்குத் தெரியும்: அடுத்த வருடம் வேறு ஆள்தான்.

கிறகரி வாளியோடு பூவரச மரத்தடிக்குப் போனான். மாக்கிறட்டின் கண்களும் சிவந்து வீங்கியிருந்தன.

"தங்கச்சி, புகை இஞ்சால வரேல்லையே. காத்து கடல்ல இருந்தெல்லோ வருது?"

"எனக்கென்ன புகை?" என்றாள் மாக்கிறட். "பிள்ளையை மடியில வச்சுக்கொண்டு அந்தத் தாய் பட்ட பாட்டைக் கேட்டா, ஆருக்குத்தான் அழுகை வராது? பஸ்ரியண்ணன் வாசிச்சது இஞ்ச நல்லாக் கேட்டது."

மூப்பர் மகளைப் பார்த்தார், பிறகு பஸ்ரியனைப் பார்த்தார். "அடுத்த முறை மெழுகுதிரிக்கு வேற டின் தேடுங்கோ," என்றார் லோறன்ஸிடம். "வாசிக்க ஆள் இருக்கு."

பஸ்ரியன் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டான்.

"கண்ணைக் கசக்காதை," என்றான் கிறகரி.