ஆர்வோ சொன்ன நிறம்

டாக்டர் போன் பண்ணியபோது லெம்பி கொல்லையில் விறகு அடுக்கிக்கொண்டிருந்தாள். நல்லவேளை என்று நினைத்தான் ஆர்வோ. அதில் நல்லது என்ன இருக்கிறது, சொல்லுங்கள்! லெம்பியின் வயிற்றில் இருந்த கட்டி ஈரலுக்கும் பரவிவிட்டது, கிறிஸ்துமஸ் வரை தாங்கினால் பெரிது என்றார் டாக்டர். "நாளைக்குக் கூட்டிட்டு வாங்க, நானே பக்குவமா எடுத்துச் சொல்றேன்." ஆர்வோ ரிசீவரை வைத்துவிட்டு அடுப்புப் பக்கம் போய்ச் சும்மா நின்றான்.

நாளைக்குத்தானே. இன்று ஒரு நாளாவது அவள் ஒன்றும் தெரியாமல் சந்தோஷமாக இருக்கட்டும். ஏரி உறைவதற்குள் ஒரு நல்ல மீனைப் பிடித்துவிடட்டும். அந்த மனுஷனுக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

அக்டோபர் கடைசி. அமெரிக்காவில், மினசோட்டாவின் வடகோடியில் அதற்குமேல் படகு இறக்குகிறவர்கள் கொஞ்சம் கிறுக்குப் பிடித்தவர்கள்தான். புருஷனும் பெண்டாட்டியும் கம்பளிக்குமேல் கம்பளி சுற்றிக்கொண்டு, ஃபிளாஸ்க்கில் காபியும் ஏலக்காய் ரொட்டியுமாகக் கிளம்பினார்கள். ஏரி நடுவே, தண்ணீருக்கடியில் கிடந்த பாறைத் திட்டுக்குமேல் ஆர்வோ நங்கூரம் போட்டான். லெம்பி தன் பெட்டியைத் திறந்தாள். அவனும் திறந்தான். இரண்டு பெட்டியிலும் விரல் நீளத்துக்கு மரத்தில் செதுக்கி வண்ணம் பூசிய குட்டிப் பொய்மீன்கள், நிஜ மீனை ஏமாற்றிக் கடிக்கவைக்கத் தூண்டில் முள்ளோடு.

அந்த ஏரியில் எல்லோரும் தேடுகிற வால்ஐ மீனுக்குப் பூ விழுந்த மாதிரி வெளுத்த கண். ஆனால் அதன் கண்ணில் மண்ணைத் தூவ முடியாது. தண்ணீர் சில்லிட்டுவிட்டால் அது அடியில் சோம்பிக் கிடக்கும். நேற்று கடித்த நிறத்தை இன்று திரும்பிக்கூடப் பார்க்காது. அதனால் அந்த ஏரியில் யாருக்காவது மீன் விழுந்தால் எந்த நிறம் என்று உண்மை சொல்லமாட்டார்கள். பாதிரியாரே புளுகுவார். இவர்கள் இருவரும் கல்யாணமான நாற்பத்தொரு வருஷமாக ஒரே படகில் உட்கார்ந்து ஒருவரையொருவர் ஏய்த்தவர்கள். அவன் வெள்ளி என்றால் அவள் வெள்ளியைத் தவிர எதையும் போடுவாள்.

"என்ன கெழவா, இன்னிக்கு எது?" என்று கேட்டாள் லெம்பி.

"தங்க வயிறு, கருப்பு முதுகு" என்றான் ஆர்வோ. "ரொம்ப மெதுவா சுத்து. நடுவுல நிறுத்தி நிறுத்தி."

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "மூஞ்சியப் பாரு, சாமியார் மாதிரி! யாருகிட்ட காது குத்துற?" வெள்ளி நிறப் பொய்மீனைக் கட்டி வீசினாள்.

ஒரு மணி நேரம் போயிற்று. அவள் தூண்டிலில் ஒரு கொத்தல்கூட இல்லை. ஆர்வோவுக்கு இரண்டு விழுந்தன. எப்போதும் முதுகைத் திருப்பிக்கொண்டு முள்ளைக் கழற்றுகிறவன், இன்று அவள் பார்க்கும்படியே கழற்றினான். அவள்தான், "ஏமாத்துறதுக்குன்னே காட்டுறான், திருட்டுப்பய" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வீம்பு! செம்பு நிறம், பச்சை, நீலம் என்று வரிசையாக மாற்றினாள். விரல் விறைத்து முடிச்சு வழுக்கியது. இருமல் வேறு வந்தது. இருமும்போது கை தானாக வயிற்றைப் பிடித்ததை அவன் பார்த்தான்.

அவனால் தாங்க முடியவில்லை. தன் நூலை அறுத்தான். நகர்ந்து வந்து அவள் கையிலிருந்த தூண்டில் கோலை வாங்கி, தன் தங்க மீனை அவள் நூலில் தானே கட்டிக் கொடுத்தான்.

"வீசு, கண்ணு" என்றான்.

லெம்பி வீசினாள். மெதுவாகச் சுற்றினாள். மூன்றாவது வீச்சில் கோல் வளைந்தது. சும்மா சொல்லக்கூடாது, அந்த வருஷத்திலேயே பெரிய மீன் அது. ஆர்வோ வலையில் ஏந்தி உள்ளே போட்டான். பெரிய மீன் விழுந்தால் கரையில் இருக்கிற நாயெல்லாம் குரைக்கும்படி கத்துகிறவள், இன்று வாயைத் திறக்கவில்லை. மீனையும் பார்க்கவில்லை. அவனையே பார்த்தாள்.

"டாக்டர் போன் பண்ணாரா?"

"இல்லியே."

"ஆர்வோ."

அவன் வலையை உதறுகிற மாதிரி குனிந்துகொண்டான். "பண்ணாரு. மருந்து மாத்தணுமாம். மே மாசம் மீன்பிடி சீசன் தொறக்கும்போது முதல் ஆளா நீதான் இந்தப் படகுல இருப்ப."

"மே மாசமா?" என்றாள் லெம்பி. "அப்ப இந்தக் குளிர்காலமே தாண்டாது போல."

"நான் அப்படிச் சொல்லல!"

"நீ எப்ப நெஜத்தச் சொன்ன?" அவள் தூண்டில் கோலைக் கீழே வைத்தாள். "இதை நாளைக்குத் தெரிஞ்சுக்கிட்டிருப்பேனே, பாவி. இன்னிக்குப் பூரா ஒண்ணும் தெரியாம உக்காந்து உன்னைத் திட்டிக்கிட்டே இருந்திருப்பேனே. ஒரு மீனுக்காக ஏன்யா என் ஒரு நாளைக் கெடுத்த?"

ஆர்வோ வாய்விட்டு அழுதான். லெம்பி அவன் தலையைத் தன் கம்பளிமேல் சாய்த்துக்கொண்டாள்.