வாழ்த்துச் சங்கம்

ஜூட்சனுக்கு லிங்க்ட்இன்னில் மூவாயிரம் பேர் பழக்கம். நேரில் பார்த்தால் அவனை அடையாளம் தெரிந்துகொள்ளக் கூடியவர்கள் அதில் ஒரு இருபது பேர் இருக்கலாம். கொட்டகலை பஜாரில் ஒரு போன் கடையில் சிம் கார்டுகளுக்குக் காசு ரீலோட் போட்டுக்கொண்டும் உடைந்த கண்ணாடி மாற்றிக்கொண்டும் இருக்கிறவன், அங்கே தன் பெயருக்குக் கீழே 'கதைசொல்லி, மாற்றத்தின் முன்னோடி' என்று இங்கிலீசில் எழுதி வைத்திருந்தான். எதை மாற்றினாய் என்று யாராவது கேட்டிருந்தால் போன் கண்ணாடியை என்றுதான் சொல்லியிருக்க வேண்டும். நல்லவேளை, யாரும் கேட்கவில்லை.

அவன் எழுதியதில் பிய்த்துக்கொண்டு ஓடியது 'கொழுந்துக் கூடை எனக்குக் கற்றுத்தந்த தலைமைத்துவம்' என்ற இங்கிலீஷ் பதிவு. அவன் கூடை சுமந்தது வாழ்க்கையில் ஒரே தடவை, பள்ளிக்கூடத்துக் கிறிஸ்மஸ் ஒளிவிழா நாடகத்தில். அதுவும் வெறுங்கூடை. ஆனாலும் எழுதி முடித்தபோது அவனுக்கே கண் கலங்கிவிட்டது. தன் பொய்க்குத் தானே அழுகிற அளவுக்குக் கைதேர்ந்திருந்தான்.

பதிவு தானாக ஓடவில்லை. அதை ஓட்ட ஒரு சங்கம் இருந்தது. ஜூட்சனின் அப்பா வியாகுலம் தேயிலைத் தோட்டத்து மரண உதவிச் சங்கத்தின் செயலாளர். லயத்து வரிசை வீடுகளில் ஒரு சாவு விழுந்தால் வீட்டுக்கு ஒரு ஆள் கட்டாயம் போக வேண்டும். கொட்டகை போட, குழி வெட்ட, வந்தவர்களுக்குத் தேத்தண்ணி கொடுக்க. வராத வீட்டுக்குத் தண்டம். இந்தச் சட்டத்தை ஜூட்சன் அப்படியே தூக்கிக்கொண்டுபோய் வாட்ஸ்அப் குழு ஒன்றில் இறக்கினான். தோட்டத்துப் பிள்ளைகள் பதினெட்டுப் பேர். ஒருவர் பதிவு போட்டு குழுவுக்கு அனுப்பினால் மற்றவர்கள் உடனே போய் லைக் போட்டு ஒரு வரி எழுத வேண்டும். எழுதாதவருடைய பதிவை அடுத்த முறை யாரும் தொடமாட்டார்கள்.

"சாவுக்குப் பதிலா பதிவு, அவ்வளவுதான் அப்பா," என்று பெருமையாக விளக்கினான்.

வியாகுலம் பாதி கேட்டார். "சரி, குழி வெட்டுறது யாரு?" என்றார்.

இந்த மனுசனுக்கு டிஜிட்டல் விளங்காது என்று ஜூட்சன் விட்டுவிட்டான்.

வாசிக்க வேண்டும் என்று சங்கத்துச் சட்டத்தில் இல்லை. யாருக்கு நேரம்? எதற்கும் பொருந்துகிற நாலு வசனங்களை அவன் போனில் சேமித்து வைத்திருந்தான். கடையில் ஒரு கையால் ரீலோட் போட்டபடியே மறு கையால் அவற்றை மாற்றி மாற்றி ஒட்டுவான். 'வாழ்த்துகள், உற்சாகமூட்டும் பயணம்' என்பது அவனுக்கு ரொம்பப் பிடித்தது.

அப்படி இருக்கும்போதுதான் நுவரெலியா ஹோட்டல் ஒன்றிலிருந்து அவனைக் கூப்பிட்டார்கள். ஹோட்டலின் பேஸ்புக், லிங்க்ட்இன் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமாம். ஜூட்சனுக்குத் தலைகால் புரியவில்லை. இந்த வேலை கிடைத்தால் ரீலோட்டிலிருந்து விடுதலை. இத்தனை நாள் பட்ட பாடெல்லாம் இதற்குத்தான் என்று நம்பினான். சட்டையை இரண்டு முறை இஸ்திரி போட்டுக்கொண்டு பஸ் ஏறினான்.

மனேஜர் கஜேந்திரன் அவனை உட்காரச் சொல்லி, கம்ப்யூட்டரை அவன் பக்கம் திருப்பினார்.

"இது நீங்கதானே தம்பி?"

போன வாரம் ஷெரோமி போட்ட பதிவு அது. ஷெரோமி ஹட்டன் பக்கத் தோட்டத்துப் பிள்ளை, வாட்ஸ்அப் சங்கத்து உறுப்பினர். அவள் எழுதியிருந்ததை ஜூட்சன் அப்போதுதான் முதல் தடவையாக வாசித்தான். அவள் வேலை பார்த்த தேயிலைக் கடையை மூடிவிட்டார்கள். அம்மாவுக்கு நடக்க ஏலாது. எந்த வேலை என்றாலும் பரவாயில்லை, தெரிந்தவர்கள் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தாள்.

அதற்குக் கீழே முதல் ஆளாக ஜூட்சன் நின்றான். 'வாழ்த்துகள், உற்சாகமூட்டும் பயணம்.' அவனுக்குக் கீழே சங்கமே வரிசையில் நின்றது. 'அருமை.' 'தொடருங்கள்.' 'இன்னும் உயரம் தொடணும்.'

ஜூட்சன் உடனே விளக்கம் சொல்லத் தொடங்கினான். வாயை மூடிக்கொண்டிருந்தாலாவது கொஞ்சம் மரியாதை மிஞ்சியிருக்கும்.

"அது வந்து, எங்க ஊரு வழக்கம் சேர். சாவு வீட்டுக்கு என்ன ஏதுன்னு கேட்டுட்டா போறோம்? சொன்ன ஒடனே போயிடுறோம்ல?"

கஜேந்திரன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"நானும் லயத்துல பொறந்தவன்தான் தம்பி. கேக்காமத்தான் போவோம். ஆனா போன பெறகு, செத்தது யாருன்னாவது பார்ப்போம்ல?"

பதில் சொல்ல ஜூட்சனிடம் நாலு வசனங்கள் இருந்தன. ஒன்றும் பொருந்தவில்லை.

"அந்தக் கூடை சுமந்த கதையாவது நெசமா?"

"ஒளிவிழாவுல சேர்."

கஜேந்திரன் சிரித்துவிட்டார். "வேலை கேட்ட புள்ளைய இத்தனை பேரு வாழ்த்துறாங்களே, என்னடா இதுன்னு சிரிப்பாத்தான் படிக்கத் தொடங்கினேன். முடிக்கிறப்ப சிரிப்பு வரல. ரிசப்ஷனுக்கு ஒரு ஆளு வேணும், அந்தப் புள்ளைய நாளைக்கு வரச் சொல்லியிருக்கேன். ஒங்களுக்கு இந்த வேலை சரிப்படாது தம்பி. படிக்கிற ஆளுதான் எங்களுக்கு வேணும்."

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தும் அவன் வெளியே பார்க்கவில்லை. வேலை கிடைக்காதது வலித்தது. அதைவிட, அம்மாவுக்கு நடக்க ஏலாது என்றவளைப் பார்த்து உற்சாகமூட்டும் பயணம் என்று சொல்லியிருக்கிறோமே என்பது வலித்தது. பழைய பதிவுகளைத் திறந்து வாசித்துக்கொண்டே வந்தான். விஜிதரன் மறுபடியும் பரீட்சையில் கோட்டை விட்டதை எழுதியிருந்தான். அதற்கும் இவன் 'இதே வேகத்தில் போங்கள்' என்று சொல்லியிருந்தான். தன் கன்னத்தில் ஒரு அறை விட்டுக்கொள்ளலாமா என்று பார்த்தான். பக்கத்தில் ஆள் இருந்தார்.

பிறகு எழுதினான், முதல் தடவையாகத் தமிழில். வேலை கிடைக்கவில்லை. வாசிக்காமலே வாழ்த்தியதால் வந்த வினை. கூடை சுமந்ததும் பொய். ஷெரோமி, மன்னித்துக்கொள்ளுங்கள்.

கை பழக்கத்தில் அதைக் குழுவுக்கும் அனுப்பிவிட்டது.

பஸ் நானுஓயாவைத் தாண்டுவதற்குள் சங்கம் வந்து சேர்ந்துவிட்டது. 'வாழ்த்துகள் அண்ணே.' 'அருமை.' 'தொடருங்கள்.' விஜிதரன், 'உற்சாகமூட்டும் பயணம்' என்று போட்டிருந்தான். ஜூட்சன் வாய்விட்டுச் சிரித்தான். பக்கத்து ஆள் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார். யாரைக் கோபிப்பது? அவன் வைத்த சட்டத்தைத்தான் அச்சுப் பிசகாமல் நடத்தியிருந்தார்கள்.

தலவாக்கலையில் பஸ் நின்றபோது கடைசியாக ஒன்று வந்தது. ஷெரோமி.

'படிச்சேன் அண்ணே. எனக்குக் கோவம்தான். நாளைக்கு நுவரெலியாவுக்கு வரச் சொல்லியிருக்காங்க. போன் கண்ணாடி சுக்கு நூறா கெடக்கு, அவங்க கோல் பண்ணினா சத்தம் மட்டும்தான் வருது, எடுக்க முடியல. இத பக்கத்து வீட்டு போன்லதான் எழுதுறேன். போற வழியில கொட்டகலையிலதான் பஸ் நிக்கும். காலையிலேயே கடை தொறப்பீங்களா?'

ஜூட்சனின் விரல் தானாக அந்த நாலு வசனங்களிடம் போனது. அதை இழுத்துப் பிடித்தான். அவள் எழுதியதை இன்னொரு தடவை, முதல் எழுத்திலிருந்து வாசித்தான்.

'எந்த போன், என்ன மொடல்னு சொல்லுங்க. விடியறதுக்கு முன்ன தொறந்து வைக்கிறேன்,' என்று எழுதினான்.