வெறுங்கிளாஸ்

அருள்மலர் கடைசிக் கிளாஸைத் துடைத்து வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தாள். விளிம்பில் ஒரு நூல் ஒட்டியிருந்தது. ஊதினாள், போகவில்லை. நகத்தால் எடுத்துவிட்டு மற்றவற்றோடு தட்டில் கவிழ்த்தாள். நாற்பத்தெட்டு.

உப்புவெளிக் கடற்கரையில் அந்த ஹோட்டல் எழுபத்தெட்டில் திறந்தது. திறந்த நாளிலிருந்து இரண்டு வருடமாக அவள் நாட்சம்பளத்துக்குக் கிளாஸ் கழுவுகிறாள். கழுவும் அறைக்கும் பாருக்கும் நடுவிலுள்ள சுவரில் ஒரு யன்னல். அழுக்குக் கிளாஸும் வெறும் போத்தலும் அதன் வழியாக வரும், கழுவிய கிளாஸ் அதன் வழியாகப் போகும்.

சனிக்கிழமை மாலைகளில் பாரில் ஒரு போட்டி நடக்கும். நான்கு நாட்டு வெள்ளை வைனை எந்த நாடு என்று சொல்லாமல் ஊற்றிக் கொடுப்பார்கள். விருந்தினர் சுவைத்துப் பார்த்து நாட்டின் பெயரைத் தாளில் எழுத வேண்டும். போட்டியை நடத்துபவர் இக்னேசியஸ். ஐம்பத்து மூன்று வயது. ஆறு மாதமாகத் தற்காலிக வேலை. போன சனிக்கிழமை ஒரு ஜேர்மன்காரர், துணி சுற்றியிருந்த போத்தல்களின் கழுத்தைப் பார்த்தே நான்கையும் சொல்லிவிட்டார். எல்லோரும் சிரித்தார்கள். முகாமையாளர் சிரிக்கவில்லை. இன்னொரு முறை இப்படி நடந்தால் வேறு ஆள் பார்ப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

யன்னலில் இக்னேசியஸின் தலை தெரிந்தது.

"பிள்ளை, ஒருக்கா இஞ்சாலை வா. கத்தாதை."

"நான் எப்ப அண்ணை கத்தினனான்?"

"இப்பக் கத்துவாய்."

பாரின் மூலையில் ஒரு பெரிய பேசின். அதற்குள் ஒரே அச்சான நான்கு போத்தல்கள் ஐஸ் தண்ணீரில் நின்றன. தண்ணீரின் மேல் நான்கு கடதாசித் துண்டுகள் மிதந்தன. எழுதிய மை கரைந்து தண்ணீர் நீலமாகியிருந்தது.

"கழுத்தைப் பாத்துச் சொல்லினம் எண்டுதானே, எல்லாத்தையும் ஒரேமாதிரிப் போத்தலுக்கு மாத்தினனான். இலக்கம் போட்டு ஒட்டினனான்."

"என்னத்தாலை ஒட்டினீங்கள்?"

"கோதுமை மாப் பசை."

"ஐஸ் தண்ணிக்குள்ளை?"

"கெட்டிக்காரன் எண்டு நினைச்சிட்டன், பிள்ளை."

"முந்தி இருந்த போத்தலுகள் எங்கை?"

"நீதானே மத்தியானம் கழுவி அடுக்கினனீ."

ஆட்கள் வர முக்கால் மணித்தியாலம் இருந்தது. மணந்து பாருங்கள் என்று அவள் சொல்லவில்லை. ஐஸ் தொழிற்சாலையில் வேலை செய்த காலத்தில் அமோனியாக் குழாய் வெடித்ததிலிருந்து இக்னேசியஸுக்கு மணம் தெரியாது. ஹோட்டலில் அது அவளுக்கு மட்டும்தான் தெரியும். பழுதான நண்டுக்கறியை, நல்லாயிருக்கு என்று அவர் இரண்டாம் முறை போட்டுச் சாப்பிட்டபோது கண்டுபிடித்தாள்.

"நாலு கிளாஸிலை கொஞ்சம் கொஞ்சம் ஊத்துங்கோ," என்றாள்.

ஊற்றினார். ஒவ்வொன்றாக மூக்கருகில் பிடித்துப் பார்த்துவிட்டுத் தலையாட்டினாள்.

"ஏலாது அண்ணை. எனக்கு நிரம்பின கிளாஸ் பழக்கமில்லை. குடிச்சு முடிச்சு, லேபல் போத்தலோடை வாற கிளாஸ்தான் தெரியும்."

"அப்ப ஒருக்காக் குடிச்சுப் பார்."

"குடிக்கிறேல்லை எண்டு நான் கோயிலிலை கையெழுத்து வைச்சனான்."

"எங்கடை பங்குச் சுவாமி ஒவ்வொரு நாளும் பூசையிலை குடிக்கிறார். மனுசன் நல்லாத்தானே இருக்கிறார்?"

"அவரைக் கூப்பிடுங்கோ அப்ப. எங்கடை மெதடிஸ்த கோயிலிலை முந்திரிகைப்பழச் சாறுதான்."

இக்னேசியஸ் சிலுவை போட்டுக்கொண்டு நான்கையும் தானே குடித்தார். அவருக்கு எல்லாமே புளித்தண்ணீர். வெறும் கிளாஸ்களை அந்தந்தப் போத்தலின் முன்னால் வரிசையாக வைத்துவிட்டு, இருவரும் பத்து நிமிடம் காத்திருந்தார்கள். வெளியே கதிரைகளை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது.

அவள் முதல் கிளாஸை எடுத்தாள்.

"விளக்கை ஊதி நூத்தா வருமே, அந்த மண்ணெண்ணெய் மணம். ஜேர்மனி."

"மண்ணெண்ணெயையோ இவங்கள் காசு குடுத்துக் குடிக்கிறாங்கள்?"

"இது கேக்குக்கு ஊறப்போட்ட பிளம்ஸ். ஹங்கேரி."

மூன்றாவதையும் நான்காவதையும் மாற்றி மாற்றி மணந்தாள். கையைச் சவர்க்காரம் போகக் கழுவினாள். மூக்கில் நின்ற மணங்கள் போக, முழங்கையின் உட்புறத்தைத் தன் மூக்கில் வைத்து இரண்டு முறை மூச்செடுத்துவிட்டுத் திரும்பவும் மணந்தாள்.

"கசக்கின தக்காளி இலை. இது பிரான்ஸ். மற்றது தேசிக்காய்த் தோல், போத்துக்கல்."

"வடிவாத் தெரியுமோ?"

"தொண்ணூறு வீதம்."

"மிச்சம் பத்து வீதத்திலைதானே பிள்ளை என்ரை சோறு கிடக்கு."

அன்று இருபத்தேழு பேர் வந்தார்கள். விடைகளை இக்னேசியஸ் வாசித்தபோது ஒரு முதியவர் எழுந்தார். தன் நாட்டில் சொந்தத் திராட்சைத் தோட்டம் வைத்திருப்பவராம். கடைசி இரண்டும் மாறிவிட்டன என்றார். துண்டுகள் கழன்றதால் மணந்துதான் பிரித்தது என்று இக்னேசியஸ் ஒப்புக்கொண்டார். முகாமையாளர் தன் சாவியால் களஞ்சியத்தைத் திறந்து, லேபலோடு அதே பிரெஞ்சு வைன் போத்தல் ஒன்றை எடுத்து வந்து எல்லோர் முன்னிலும் திறந்தார். முதியவர் அதைச் சுவைத்தார், மூன்றாவதைச் சுவைத்தார், திரும்பவும் அதைச் சுவைத்தார். பிறகு சிரித்துக்கொண்டு இக்னேசியஸின் கையைப் பிடித்துக் குலுக்கினார். இப்படி ஒரு மூக்கைத் தான் பார்த்ததில்லை என்றார். கைதட்டினார்கள்.

இக்னேசியஸ் கையை மெல்ல விடுவித்துக்கொண்டார்.

"சேர், மூக்கு என்ரையில்லை."

அவர் யன்னலைக் காட்டினார். அருள்மலர் ஈரத் துணியோடு பாரின் வாசலுக்கு வந்து நின்றாள். முதியவர் அவளுக்குத் தலை குனிந்தார். அவளுடைய கண்ணைத் துணியால் கட்டி நான்கு வெறும் கிளாஸ்களைக் கொடுத்தார்கள். நான்கையும் சொன்னாள். இந்த முறை கைதட்டு நெடுநேரம் நிற்கவில்லை. எங்கே பார்ப்பதென்று தெரியாமல் அவள் இக்னேசியஸைப் பார்த்தாள். அவர்தான் எல்லோரையும்விடப் பலமாகத் தட்டிக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை முகாமையாளர் இருவரையும் அறைக்குக் கூப்பிட்டார்.

"இக்னேசியஸ், உம்மை நிரந்தரமாக்கிறன். இனிச் சனிக்கிழமையிலை வாறவை தாங்களே ஒரு வைனைத் தெரிஞ்சு தரட்டும். நீர் அது எந்த நாடு எண்டு சொல்லும்."

"நான் எப்பிடிச் சேர்? இந்தப் பிள்ளையெல்லோ..."

"பொம்பிளை ஆக்களைப் பாரிலை நிக்க விடேலாது. லைசென்ஸ் போயிடும், சட்டம். அவ உள்ளுக்கை இருந்து சொல்லட்டும். கிளாஸ் கழுவிற நேரத்திலை செய்யிற வேலைதானே, சம்பளத்திலை மாற்றமில்லை."

"அப்ப எனக்கு என்ன வேலை, சேர்?"

"ஊத்தவும் சிரிக்கவும் ஒரு ஆள் வேணும்."

இருவரும் வெளியே வந்தார்கள். கிணற்றடி வரை நடந்தபிறகு, "நான் வேண்டாமெண்டு சொல்லட்டோ?" என்று இக்னேசியஸ் கேட்டார்.

"சொல்லிப்போட்டு? ஐஸ் தொழிற்சாலைக்கோ போகப் போறீங்கள்? போங்கோ அண்ணை, போய்ச் சிரிச்சுப் பழகுங்கோ."

செவ்வாய்க்கிழமை தச்சன் சின்னராசா வந்தான். கழுவும் அறை விருந்தினருக்குத் தெரியக் கூடாதாம். யன்னலைப் பலகையால் அடைத்தான். பிறகு அவளிடம் ஒரு கிளாஸ் கேட்டு வாங்கினான். அதைப் பலகையில் கவிழ்த்து, "அசையாமல் பிடியுங்கோ அக்கா," என்று சொல்லிவிட்டு விளிம்பைச் சுற்றிப் பென்சிலால் வரைந்தான்.

"என்ரை கையும் போக வேணுமே தம்பி?"

"கிளாஸ் அளவெண்டுதான் முகாமையாளர் துண்டு எழுதித் தந்தவர்."

வரைந்த கோட்டில் அறுத்து, உள்விளிம்பை அரத்தால் தேய்த்தான். அழுக்குக் கிளாஸ்களை இனி ஒரு ஆள் சுற்றிக்கொண்டு வந்து தருவான் என்றான்.

"போகுதோ எண்டு பாருங்கோ."

அருள்மலர் ஒரு கிளாஸை ஓட்டைக்குள் நீட்டினாள். கிளாஸ் போனது. அவளுடைய கை பெருவிரல் மூட்டோடு நின்றுவிட்டது. அந்தப் பக்கத்திலிருந்து இக்னேசியஸின் விரல்கள் வந்து கிளாஸை வாங்கிக்கொண்டன.